பிரியாணி அண்டாவைத் திருப்பி அனுப்புதல் தொடர்பாக

பாலக்கோடு,
ஞாயிறு, காலைப் பூசைக்குப் பின்.

பெறுநர்: திரு. சின்னப்பராஜ் அவர்கள், ஓட்டல் உரிமையாளர், தொப்பூர்.

பொருள்: தங்களது பிரியாணி அண்டாவைத் திருப்பி அனுப்புதல் தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

சவுரியப்பன் எழுதிக்கொள்வது. இறைவன் அருளாலும், என் மனைவி புஷ்பமேரி வைக்கும் கொள்ளு ரசத்தாலும் இங்கு அனைவரும் நலம். அங்கு தாங்களும், சம்பந்தி அம்மாளும், ஓட்டலும், ஓட்டலுக்கு எதிரே கணவாயில் இறங்கி வரும் லாரிகளின் பிரேக்குகளும் நலமாக இருக்கவேண்டும் என்று தினமும் செபமாலையில் நினைத்துக்கொள்கிறேன்.

மேலே குறிப்பிட்டபடி இக்கடிதம் அண்டாவைப் பற்றியது மட்டுமே. பணம் சம்பந்தமாக எழுதப்படுவது அன்று. இதை முதலிலேயே தெளிவுபடுத்திவிடுவது நல்லது என்று நினைத்து எழுதினேன். எழுதிய பிறகு, கேட்காமலேயே இப்படிச் சொன்னால் அதற்காகத்தான் எழுதுகிறேன் என்று தாங்கள் நினைக்கக்கூடுமோ என்று சந்தேகம் வந்துவிட்டது. அடித்துவிட்டால் அடித்தது தெரியும். எனவே அப்படியே விட்டுவிடுகிறேன்.

அண்டா நல்ல நிலையில் உள்ளது. அது நம் வீட்டுக்கு வந்த சூழ்நிலையைத் தாங்கள் அறிவீர்கள் என்றாலும், எதையும் முதலிலிருந்து சொல்லித்தான் எனக்குப் பழக்கம். வகுப்பிலும் அப்படித்தான்; பானிப்பட்டுப் போருக்கு வருவதற்குள் மணி அடித்துவிடும்.

நம் பேத்தி சில்வியாவுக்குக் கலந்தாய்வில் கோயம்புத்தூரில் பொறியியல் இடம் கிடைத்தபோது, தாங்கள் ஓட்டலில் அன்றைக்கு வந்த லாரிக்காரர்களுக்கெல்லாம் கேசரி கொடுத்ததாகக் கேள்விப்பட்டு நெகிழ்ந்தேன். அடுத்த நாளே நான் உதவித்தொகை விவரங்களை எல்லாம் திரட்ட ஆரம்பித்தேன். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்று சான்றிதழ் வாங்கினால் கட்டணத்தில் கணிசமாகக் கழியும் என்றார்கள். சில்வியாவை அழைத்துக்கொண்டு இ-சேவை மையத்துக்குப் போனேன். அங்கே கலைமதி என்ற பெண் இருக்கிறாள், கைவேகம் அதிகம், கேள்வி கேட்கும்போதே பதிலையும் அவளே தட்டிவிடுவாள். "வூட்ல யாரும் டிகிரி முடிக்கலதானுங்களே" என்று சொல்லிக்கொண்டே அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டாள். நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் சம்பந்தி, நாற்பது வருடமாக ஒருவரும் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டதில்லை. "நான் முடித்திருக்கிறேன் அம்மா. பி.ஏ. வரலாறு, அஞ்சல் வழி, இரண்டாம் வகுப்பு" என்று சொல்லிவிட்டேன்.

அவள் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "எதுக்குங்க சார் சொன்னீங்க? நான் உங்களக் கேக்கவே இல்லியே! அப்பன் தாத்தன் ஆரும் படிச்சிருக்கக் கூடாதுங்க சார்."

"உண்மையை மறைக்கக்கூடாது அல்லவா?"

"அஞ்சல் வழிதான சார்? அத ஒரு டிகிரின்னு நீங்களே எதுக்கு நெனச்சுக்கிறீங்க?" என்றாள். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். பின்னால் வரிசையில் நின்ற ஓர் அம்மாள், "பாவம், தாத்தா படிச்சிட்டாராம்" என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னது காதில் விழுந்தது.

அன்று மாலை தாங்கள் தொலைபேசியில் சொன்னதை நான் மறக்கவில்லை. "வாத்தியாரே, எம்பக்கத்துல இருந்து பேத்திக்கு ஒரு பைசா நட்டம் கெடையாது. நான் எட்டாங்கிளாசு ஃபெயிலு, எங்கப்பன் பள்ளிக்கூடத்துப் பக்கமே ஒதுங்கல. கெடுத்தது பூராவும் உங்க பக்கந்தான்" என்றீர்கள். தாங்கள் சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள். நானும் சிரித்தேன். பிறகு மாடிக்குப் போய் பட்டச் சான்றிதழை எடுத்துப் பார்த்தேன். கண்ணாடி போட்டு மாட்டியிருப்பதால் அதை உடனே என்ன செய்வது என்று தெரியவில்லை.

அடுத்து, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான ஒதுக்கீடு. அதிலும் சில்வியா வரவில்லை. ஏனென்றால் நான் வேலை பார்த்த தனியார் பள்ளியில் ஆசிரியர் பேத்தி என்று அரைக் கட்டணத்தில் சேர்த்தேன். ஓசூரில் தங்கள் மருமகன் ஆனந்த் ஒப்பந்தக் கூலியில் இருந்தபடியால், பிள்ளை என்னிடம் இருந்து படிக்கட்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். அதாவது, நான் படித்ததால் ஒரு சலுகை போயிற்று. நான் படிக்கவைத்ததால் இன்னொன்று போயிற்று. அந்தப் பள்ளியில் ஓய்வூதியம் கிடையாது என்பது தங்களுக்குத் தெரியும். பணி நிறைவில் ஒரு சால்வையும் ஒரு சுவர்க் கடிகாரமும் தந்தார்கள். கடிகாரம் இன்னமும் ஓடுகிறது; குறை சொல்ல முடியாது.

வங்கியில் கல்விக்கடன் கேட்டோம். மேலாளர் மிகவும் மரியாதையாக நடந்துகொண்டார். என்னை உட்காரச் சொன்னார். படிப்புக் கட்டணத்துக்குக் கடன் சம்மதமாயிற்று. ஆனால் விடுதி கல்லூரிக்குச் சொந்தமில்லையாம். அது கல்லூரித் தலைவரின் மனைவி பெயரில் உள்ள வேறோர் அறக்கட்டளைக்குச் சொந்தமாம். கல்லூரிக்கும் விடுதிக்கும் நடுவில் ஒரு கேட் மட்டும்தான் இருக்கிறது. ஆனால் கடன் அந்தக் கேட்டைத் தாண்டாது என்று மேலாளர் விளக்கினார். ஆக, விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் எண்பதாயிரம் நாங்களே கட்டவேண்டும். கட்டாவிட்டால் பிள்ளை படிக்கலாம், தங்க முடியாது. பாலக்கோட்டிலிருந்து தினமும் கோயம்புத்தூர் போய்வருவது பற்றியும் யோசித்தேன். பேருந்து நேரங்களை எழுதிப் பார்த்ததில், அவள் கல்லூரிக்குள் நுழைந்ததும் திரும்பிப் புறப்பட்டுவிட வேண்டும் என்று தெரிந்தது.

என் கையில் கொஞ்சம் இருந்தது. பேத்தி படிப்புக்கு ஆகும் என்று முன்கூட்டியே சித்திரையில் அரை ஏக்கரில் தக்காளி நட்டேன். மண் பரிசோதனை செய்து, வேளாண் துறையின் கையேட்டை வரிக்கு வரி படித்து நட்டேன். செடி கையேட்டில் உள்ள படத்தைப் போலவே வந்தது. அந்த மாதம் மாவட்டமே தக்காளி நட்டிருந்தது என்பது கையேட்டில் இல்லை. பறிக்கிற கூலிக்குக் கூட விலை வரவில்லை. மார்க்கெட்டில் மண்டி வைத்திருக்கும் மாது என் மாணவன். அவன் என் தக்காளிப் பெட்டிகளைப் பார்த்துவிட்டு தலையைச் சொறிந்தான். "சார், தப்பா நெனச்சுக்காதீங்க. அடுத்தவாட்டி நீங்க நடுறப்ப எங்களுக்கு ஒரு போன் போட்டுருங்க சார். நாங்க அந்த வருசம் நடாம இருந்துக்கிறோம்" என்றான். தக்காளியைப் பக்கத்து வீட்டு மாடுகளுக்குப் போட்டோம். மூன்றாம் நாள் மாடுகளும் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டன.

அப்போதுதான் புஷ்பமேரி விழா என்ற பேச்சை எடுத்தாள்.

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. "ஏங்க, ஊர்ல ஒரு காதுகுத்து வுட்டிருக்கீங்களா? ஒரு கல்யாணம், ஒரு சீரு, ஒரு புதுநன்மை? அத்தனைக்கும் கவுரு போட்டுக் குடுத்தீங்க. நம்ம வூட்ல ஒரு விசேசம் வெச்சோமா? ஆனந்தன் கல்யாணத்தக் கூட அந்த வைரசு காலத்துல அம்பது பேரோட முடிச்சோம்" என்றாள். இல்லை, ஆனந்த் கல்யாணம் அதற்கு வெகுகாலம் முன்பே, தங்கள் மாமனார் இறந்த துக்கத்தில் எளிமையாக நடந்தது. அவளுக்கு ஆண்டுக்கணக்கு வராது. ஆனால் மொய்க்கணக்கு வரும். எங்களுக்கு ஊரார் திருப்பவேண்டிய மொய் நிறைய இருந்தது. அதற்கு ஒரு விசேஷம் மட்டும்தான் இல்லை. வீட்டில் யாருக்கும் காது குத்தவேண்டியதில்லை. எனக்கு எண்பது ஆக இன்னும் பத்து வருடம் இருக்கிறது. கடைசியில் மொட்டை மாடியில் சில்வியா படிப்பதற்காகத் தகரக் கூரை போட்டுக் கட்டிய அறை நினைவுக்கு வந்தது. அதற்குப் புதுமனை மந்திரிப்பு விழா வைப்பதென்று முடிவாயிற்று. ஓர் அறைக்குப் புதுமனை என்று போடலாமா என்று எனக்குக் கூச்சம். "புதுசுதானங்க? மனைதானங்க?" என்று முடித்துவிட்டாள். ஆடி மாதத்தையும் அவள்தான் தேர்ந்தெடுத்தாள். மற்றவர்கள் விசேஷம் வைக்காத மாதம். பந்தல்காரர், சமையல்காரர், மைக் செட் குரு எல்லாரும் சும்மா இருப்பார்கள், கூலி குறையும். வருகிறவர்களும் வேறெங்கும் மொய் எழுதாமல் கைநிறைய வைத்திருப்பார்கள் என்றாள். இவள் என்னோடு சேர்ந்து அஞ்சல் வழியில் படித்திருந்தால் நம் நிலைமை வேறாக இருந்திருக்கும் என்று நினைத்தேன். பிறகு, அப்படியானால் இரண்டு பட்டதாரிகள் ஆகியிருப்போமே என்றும் நினைத்தேன்.

இனி வருவது என் தவறு. அதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

அச்சகத்தில் அழைப்பிதழைப் பிழை திருத்தக் கொடுத்தார்கள். பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அடியில் ஒரு விரற்கடை இடம் காலியாக இருந்தது. பார்க்கப் பார்க்க அந்த வெற்றிடம் கை நீட்டி நிற்பது போல இருந்தது. ஓர் அறையைக் கட்டிவிட்டு ஊரையே கூப்பிடுகிறான், எதற்கென்று தெரியாதா என்று ஊர் பேசுமே என்று தோன்றியது. எனவே, என் கையாலேயே எழுதினேன்: "அன்பளிப்புகளைத் தவிர்க்கவும். தங்கள் வருகையே எங்களுக்குப் பரிசு."

மரியாதைக்காகத்தான் எழுதினேன். பந்தியில் "போதும் போதும்" என்று இலைக்கு மேல் கை வைக்கிறோம். போதும் என்று யாராவது விட்டுவிடுகிறார்களா? இதே வரியைப் போட்ட எத்தனையோ அழைப்பிதழ்கள் எனக்கு வந்திருக்கின்றன. ஒன்றுக்காவது நான் வெறுங்கையோடு போனதில்லை. உலக வழக்கம் அதுதான் என்று உறுதியாக நம்பினேன்.

புஷ்பமேரி அந்த வரியை விழாவுக்கு முதல் நாள்தான் பார்த்தாள். அதுவும் அழைப்பிதழில் அல்ல. மாது தன் செலவில் வாசலுக்கு ஒரு ஃபிளெக்ஸ் பேனர் வைத்தான்; அதில் என் படம் சிறிதாகவும், அந்த வரி பெரிதாகவும் இருந்தது. "அதான் சார் நம்ம விசேசத்துல ஸ்பெசலே" என்றான்.

"என்னாங்க இது?" என்றாள் புஷ்பமேரி.

"மரியாதைக்கு."

"ஆரு மரியாதைக்கு?"

அந்த வரியின் மேல் வாழைமரம் கட்டி மறைத்துவிடலாம் என்று மாலையில் மரத்தை நகர்த்திக் கட்டினேன். மாது வந்து, "சார், எழுத்த மறைக்குது" என்று பழைய இடத்துக்கே நகர்த்திவிட்டான்.

விழா தாங்கள் அறிந்ததே. தங்கள் அண்டாவில் பிரியாணி மிகச் சிறப்பாக வெந்தது. தக்காளி விலை அந்த வாரம்தான் ஏறியது. மாடுகளுக்குப் போட்டதை நினைத்துக்கொண்டே வாங்கினேன். பங்குத் தந்தை கைப்பிடி இல்லாத படியில் ஏறி அறையை மந்திரித்தார். அறையில் ஒரு நேரத்தில் ஐந்து பேர்தான் நிற்கமுடியும் என்பதால் கீழே தெரு வரைக்கும் வரிசை நின்றது. தேர்த்திருவிழாவோ என்று பேருந்திலிருந்து ஒருவர் இறங்கிவந்து சாப்பிட்டும் போனார். அதுவரையில் எனக்கு நம்பிக்கை இருந்தது. பல பேருடைய சட்டைப்பைகளில் கவரின் விளிம்பு தெரிந்தது. நான் பார்க்கக்கூடாது என்றுதான் முயன்றேன்.

அதன்பிறகு பங்குத் தந்தை மைக்கைப் பிடித்தார். பேனரைச் சுட்டிக்காட்டினார். மொய்க்காகவே விழா வைக்கிற இந்தக் காலத்தில், கொடுப்பதை மட்டுமே தெரிந்த ஒரு மனிதர் நம் பங்கில் இருக்கிறார் என்று ஆரம்பித்து, என்னைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதையும் அவர் தாழ்ச்சி என்று எடுத்துச் சொன்னார். முதலில் கை தட்டியது தாங்கள்தான், சம்பந்தி. ஒருமுறை விசிலும் கேட்டது. அது யார் என்று நான் விசாரிக்கவில்லை. அந்தக் கைதட்டலில் ஒவ்வொரு கவராகச் சட்டைப்பைக்குள் இறங்கிப் போனதை என் கண்ணால் பார்த்தேன்.

மொய் மேசையில் அவமானமாகிவிடுமே என்று மைக் செட் குருவிடம், அறிவிப்பு வேண்டாம் என்று சொல்லப் போனேன். அதற்குள் அவன் தொடங்கிவிட்டான். இருபது வருடமாக மொய் வாசித்த வாய். சும்மா இருக்க முடியவில்லை போலிருக்கிறது. "தொப்பூர் ஓட்டல் முதலாளி, சம்பந்தி சின்னப்பராஜ் அவர்கள்... வாழ்த்து!" என்றான். தாங்கள் இலையிலிருந்தபடியே, "எம்பேர்ல வெறும் வாழ்த்தா? ஆயிரத்தொண்ணுன்னு போடுடா!" என்று குரல் கொடுத்தீர்கள். "ஆயிரத்தொரு வாழ்த்தேய்!" என்று அவன் முழங்கினான். அதன்பிறகு ஊரில் யாரும் குறைவாக வாழ்த்தத் தயாராக இல்லை. இரண்டாயிரம், ஐயாயிரம் என்று ஏறி, கடைசியில் எங்கள் தெரு பால்காரர் ஒரு லட்சத்தொரு வாழ்த்து எழுதினார். அவருக்கு இந்த மாதப் பால் பாக்கி நான் தரவேண்டும்.

மறுநாள் மாதுவைத் தெருவில் பார்த்தேன். மறைமுகமாக, "எல்லாரும் வரியை அப்படியே எடுத்துக்கொண்டார்கள் போலிருக்கிறதே" என்றேன். "பின்ன என்னாங்க சார்? நானே கவுருல போட்டு எடுத்தாந்தேன். தரலாமான்னு வந்தா, எங்கம்மா 'வேணாண்டா'ன்னுருச்சு. பரீட்ச சமயத்துல எங்கப்பன் ஒரு சேவலக் குடுத்தாரே, ஞாவகம் இருக்குங்களா? அத அக்குள்ள வெச்சிக்கினு எங்க வூட்டுக்கே நடந்துவந்து திருப்பி வுட்டுட்டுப் போனவரு நீங்க. ஊர்ல வேற ஆரு போட்டிருந்தாலும் நம்பியிருக்க மாட்டோம் சார். நீங்க எழுதினா எழுதினதுதான்" என்றான். கண் கலங்கிச் சொன்னான். நானும் கலங்கினேன். காரணம் வேறு.

சம்பந்தி, தாங்கள் காரில் ஏறும்போது சொன்னதை இங்கே நினைவூட்டுவதற்கு மன்னிக்கவும். "மொய்யே வேணாம்னு விசேசம் பண்ற அளவுக்கு வெச்சிருக்கீங்க! அப்புறம் பேத்தி படிப்புக்கு என்னா கொற? நான் வேற என்னமோ நெனச்சுக்கினு இருந்தேன்" என்றீர்கள். தாங்கள் என்ன நினைத்துக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கார் போன பிறகும் கையை ஆட்டிக்கொண்டே நின்றேன். கையிலிருந்த கொஞ்சமும் விழாவில் செலவாகி, முன்பு முக்கால் பங்கு குறைந்தது இப்போது முழுவதும் குறைகிறது.

சில்வியா ஒரு குறையும் சொல்லாமல் வேலைக்குக் கிளம்பத் தயாராகிவிட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவள் தோழி தேவிப்பிரியா ஓசூரில் ஒரு கம்பெனியில் இருக்கிறாள். அங்கே ஆள் எடுக்கிறார்களாம்; தங்க இடம், சாப்பாடு எல்லாம் அவர்களே தருகிறார்களாம். நாளை திங்கட்கிழமை காலை கம்பெனி வேன் பாலக்கோட்டுக்கே வருகிறது. "ஒரே ஒரு வருசந்தான் தாத்தா. சேத்துவெச்சுட்டு அடுத்த வருசம் போறேன். இதுக்குப் போயி மூஞ்சத் தூக்கி வெச்சிக்காதீங்க" என்று என்னைத் தேற்றினாள். நேற்று பைக்குள் துணிகளை அடுக்கினாள். மாடி அறையில் ஒட்டியிருந்த கணக்குச் சூத்திரத் தாள்களைக் கிழியாமல் எடுத்து, பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கொடுத்துவிட்டாள். ஒரே ஒரு வருடம் என்று சொல்லிப் போன மாணவர்கள் எனக்கு நிறைய உண்டு. எல்லாரும் நல்ல நிலையில் இருக்கிறார்கள். ஊருக்கு வரும்போது பார்த்துப் பேசுவார்கள். திரும்பிவந்து படித்தவர் யார் என்று நேற்றிரவு யோசித்துப் பார்த்தேன். ஒருவர் முகமும் நினைவுக்கு வரவில்லை.

எனவே சம்பந்தி அவர்களே, தங்களிடம் நான் பணிவுடன் கேட்டுக்கொள்வது என்னவென்றால்,

அண்டாவின் அடியில் ஒரு பக்கம் சிறிது கருகியிருக்கிறது. புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தோம். கருப்பு போகவில்லை. மன்னிக்கவும்.

இந்த இடத்தில் புஷ்பமேரி அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்து, "கேட்டு எழுதிட்டீங்களா?" என்றாள். "அண்டா வரைக்கும் வந்திருக்கிறேன்" என்றேன். "அண்டாவ வுட்டு வெளிய வாங்க" என்றாள். அவள் என்ன சொல்கிறாள் என்று எனக்குப் புரிகிறது. சம்பந்தியிடம் கேட்பதா என்ற கேள்வி எனக்கும் இருக்கிறது. பெண் எடுத்த இடத்தில் போய்க் கை நீட்டினான் என்று ஒரு சொல் வந்துவிட்டால், நாளைக்கு ஆனந்த் தங்கள் வீட்டில் எப்படித் தலை நிமிர்ந்து உட்காருவான்? அதேசமயம், நாளைக் காலை வேன் வந்து நிற்கும்போது நான் எப்படித் தலை நிமிர்ந்து நிற்பேன் என்றும் இருக்கிறது. இரண்டையும் சீர்தூக்கிப் பார்த்து, கேட்டுவிடுவதே முறை என்று முடிவு செய்துவிட்டேன். கடனாகத்தான். அடுத்த தக்காளியில் தந்துவிடுவேன். இல்லை, தக்காளியை நம்பவேண்டாம். நான் மாலை வகுப்பு எடுத்தாவது தந்துவிடுவேன். தாங்கள் பெரிய மனது பண்ணி,

அண்டாவின் மூடி ஒன்று எங்களிடம் தனியாக இருக்கிறது. அது தங்களுடையதுதானா என்று தெரிவிக்கவும்.

மேற்கொண்டு எழுதக் கை வரவில்லை. தங்களுக்குச் சிரமம் எதுவும் வேண்டாம். தாங்கள் விழாவுக்கு வந்து வாழ்த்தியதே எங்களுக்குப் போதும். அந்த ஆயிரத்தொரு வாழ்த்தையும் வரவில் எழுதி வைத்திருக்கிறேன். சம்பந்தி அம்மாளின் மூட்டுவலிக்கு புஷ்பமேரி முடக்கத்தான் பொடி அனுப்புகிறாள், அண்டாவுக்குள் இருக்கும். அந்தோணியார் தங்கள் குடும்பத்தையும், அடுப்பையும், கல்லாவையும் காப்பாராக.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள சம்பந்தி,
சவுரியப்பன், பி.ஏ.
(இப்பட்டத்தால் குடும்பத்துக்கு ஏற்பட்ட இழப்புக்கு வருந்துகிறேன்.)

பின்குறிப்பு: தயவுசெய்து இந்தப் பின்குறிப்பை முதலில் படித்துவிட்டு, மேலே உள்ளதைப் படிக்காமல் விட்டுவிடவும். இது கடைசியில் இருப்பதால் தாங்கள் ஏற்கெனவே படித்திருப்பீர்கள் என்பது இப்போதுதான் உறைக்கிறது. மன்னிக்கவும்.

நான் மேலே கையெழுத்திட்டு மை காய ஊதிக்கொண்டிருந்தபோது சில்வியா மாடியிலிருந்து இரண்டிரண்டு படியாக இறங்கி ஓடிவந்தாள். விடுதியில் தன் இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லலாம் என்று போன் போட்டாளாம். ஒரு வருடத்துக்கும் பணம் கட்டியாயிற்று, போன வாரமே உன் தாத்தா கட்டிவிட்டாரே என்று சொன்னார்களாம். பிள்ளை என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். "எங்கிட்ட ஏன் தாத்தா சொல்லல?" என்கிறாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான்தான் கட்டிவிட்டு மறந்துபோனேனோ என்று பயந்து, அவளை விலக்கிவிட்டு வங்கிப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அதில் அந்த அளவுக்குப் பணம் என்றைக்குமே இருந்ததில்லை என்று தெரிந்ததும்தான் நிம்மதி வந்தது. "போன்ல கட்டிட்டு, பணம் வந்துச்சான்னு கேட்டாராம். கொரல் ரொம்பப் பெருசா இருந்துச்சாம் தாத்தா" என்று சில்வியா சொன்னதும் புஷ்பமேரி, "சம்பந்தி அண்ணன்!" என்றாள்.

இப்போது சில்வியா தங்களிடம் போனில் பேசியபோது நாங்கள் எல்லாரும் பக்கத்தில்தான் இருந்தோம், ஸ்பீக்கர் போட்டிருந்தது என்பதைத் தெரிவிப்பது என் கடமை. "ஆமா கண்ணு, நாந்தான். உங்க வாத்தியாருகிட்ட மட்டும் மூச்சு வுட்டுறாத. அன்பளிப்பத் தவிர்க்கவும்னு அவ்ளோ பெருசா பேனரு வெச்சிருக்காரு. தெரிஞ்சா, ஊரே சொல்லுதே, அந்தச் சேவலத் திருப்புன மாதிரி அக்குள்ள இடுக்கிக்கினு தொப்பூருக்கே வந்துருவாரு. ஃபீசத் தவிர்க்கவும்னு எங்கியும் போடல. அதனால கட்டிப்புட்டேன். மனுசன் கேக்க மாட்டாரு கண்ணு. நானும் காரு ஏறுறப்ப குத்திக் குத்திப் பாத்தேன். டாட்டா காட்டிக்கினே நிக்கிறாரு!" என்று தாங்கள் சொன்னது அத்தனையும் என் காதில் விழுந்தது. பதிலுக்கு நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். புஷ்பமேரி வாயைப் பொத்திவிட்டாள். நான் "எதற்குச் சிரமம்" என்று சொல்லிவிடுவேன் என்று பயந்தாளாம். அப்படித்தான் சொல்ல இருந்தேன்.

சில்வியா பையிலிருந்து துணிகளை எடுத்துவிட்டு மறுபடி அடுக்குகிறாள். வேனுக்கு வேண்டாம் என்று சொல்லியாயிற்று. பக்கத்து வீட்டுப் பையனிடம் சூத்திரத் தாள்களைத் திரும்பக் கேட்கப் போயிருக்கிறாள். அவன் தர மறுக்கிறான் என்று கேள்வி.

இக்கடிதத்தைக் கிழித்துவிடலாம் என்று எடுத்தேன். "எழுதினா எழுதினதுதான், அனுப்புங்க, அண்ணன் படிச்சுச் சிரிக்கட்டும்" என்று புஷ்பமேரி பிடுங்கி வைத்துக்கொண்டாள். ஆகவே கீழ்க்காணும் திருத்தத்தோடு அனுப்பப்படுகிறது: பொருளில் கண்டுள்ள அண்டா இத்துடன் அனுப்பப்படவில்லை. நான்கு வருடப் படிப்பாயிற்றே. தங்களுக்குத் தரவேண்டியதும் இருக்கிறது, மீதி மூன்று வருடமும் இருக்கிறது. வருகிற ஆடியில் கொல்லைப்புறச் சுற்றுச்சுவருக்கு மந்திரிப்பு வைப்பதாக புஷ்பமேரி முடிவு செய்திருக்கிறாள். சுவர் இனிமேல்தான் கட்டவேண்டும். அதுவரை அண்டா இங்கேயே இருக்கட்டும் என்கிறாள். அழைப்பிதழையும் அவள் சொல்லச் சொல்ல எழுதிவிட்டேன். பழைய வரி இல்லை. அடியில் அந்த ஒரு விரற்கடை இடம் மறுபடியும் காலியாக இருக்கிறது. மரியாதைக்கு அங்கே ஏதாவது ஒரு வரி போடலாமா என்று மட்டும் கேட்டேன். அச்சகத்துக்கு இந்தமுறை தானே போய்வருவதாகச் சொல்லிவிட்டாள்.